ரேகை

தண்டையார்பேட்டை இ-சேவை மையத்தில்
தீப்பெட்டி அளவு ஒரு கருவி.
இருளாயியின் கட்டைவிரலை வைத்தோம்.
சிவப்பு.
ஆள்காட்டி விரல். சிவப்பு.
பத்து விரலும் போய்விட்டுத் திரும்பி வந்தன.
'ரேகையே இல்லியேமா இந்தப் பாப்பாவுக்கு'
என்றார் கவுண்டர்காரர்,
பின்னால் நின்ற வரிசைக்கும் கேட்கும்படி.

அவள் கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டாள்.

எண்ணூரைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை.
இரண்டு வருடம் இறால் உரித்த விரல்கள்.
விடியக்காலம் மூன்று மணிக்கு ஐஸ்,
ராத்திரி ஒன்பது வரைக்கும் ஐஸ்.
கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு
'கணக்கு நோட்டுல இருக்கு' என்றாள்.
நோட்டு இப்போது கோர்ட்டில் இருக்கிறது.
அதில் இருளாயி இல்லை.
'கமுதி சின்னது' என்று ஒரு வரி,
அதன் எதிரே அட்வான்ஸ் தொகை,
வாங்கிய சித்தப்பாவின் கையெழுத்து,
பிறகு எதுவுமே எழுதாத பக்கங்கள்.

நிவாரணம் வந்துவிட்டது.
எடுக்க பாஸ்புக் வேண்டும்.
பாஸ்புக்குக்கு ஆதார் வேண்டும்.
ஆதாருக்கு விரல் வேண்டும்.
விரலை எடுத்துக்கொண்டவர்கள் ஜாமீனில் இருக்கிறார்கள்.

கண்ணை வைத்து எடுக்கலாம் என்றார்கள்.
வெளிச்சம் முகத்துக்கு நேரே வந்ததும்
சட்டென்று எழுந்து நின்றாள்,
செருப்பைத் தேடினாள்.
டார்ச் அடித்தால் வேலைக்குக் கிளம்ப வேண்டும்,
அவ்வளவுதான்.
அன்று அதோடு வந்துவிட்டோம்.

எங்கள் இல்லம் காசிமேட்டுக்கு நாலு தெரு தள்ளி.
கீழ்க்காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்துவேன்.
வழக்கு இங்கே நடப்பதால்
அவளும் இங்கே, வாசனையும் இங்கே.
நான் ராத்திரி வார்டன்.
தூக்கத்தில் அவள் விரல்கள்
தலையைக் கிள்ளும், ஓட்டை நீக்கும்,
முதுகில் கீறிக் கறுப்பு நரம்பை இழுக்கும்,
வெறும் போர்வையில்.
தொட்டு எழுப்பக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.
பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.
ஒரு கிலோ முடிகிற நேரம் எனக்கும் தெரிந்துவிட்டது.

ஸ்டான்லியில் தோல் டாக்டர்
விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
'திரும்ப வரும். தண்ணில கை வைக்க விடாதீங்க.
தோலுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.'
நல்ல சேதியாகத்தான் சொன்னார்.

அதனால் பாத்திரம் கழுவும் முறையில் அவள் பெயரை எடுத்தோம்.
'இவ மட்டும் இன்னா மகாராணியா?'
யுவஸ்ரீ இரண்டு நாள் சாப்பிடாமல் சண்டை போட்டாள்.
மூன்றாம் நாள் நடுராத்திரி
இருளாயி எழுந்து போய்
முப்பத்தோரு தம்ளரையும் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.
திட்டினேன்.
முடியும் வரை கேட்டுவிட்டு
'அம்புட்டுத்தானா?' என்றாள்.

சாயங்காலம் தேங்காயெண்ணெய்.
தடவிவிடுவது யுவஸ்ரீ. யாரும் சொல்லவில்லை.
ஆபீஸ் மைப்பெட்டியைத் திருடி
குளியலறைக் கதவுக்குப் பின்னால்
தேதி போட்டு விரல் பதித்ததும் அவள் யோசனைதான்.
ஆடியில் வெறும் மைச்சொட்டு.
ஆவணியிலும்.
புரட்டாசியில் சொட்டுக்குள் ஒரு வெள்ளைக் கீறல்.
ஐப்பசி மழையில் சுவர் ஊதி
எல்லாம் உதிர்ந்துவிட்டது.
திட்டிக்கொண்டே வேறு சுவர் பார்த்தார்கள்.

ஒருநாள் எண்ணெய்க் கையோடு வந்து கேட்டாள்:
'ரேகை வந்துருச்சுன்னா
அத வச்சு என்னியக் கண்டுபுடிச்சுருவாகளா?'

நாங்கள் இத்தனை மாதம்
எதை வளர்த்துக்கொண்டிருந்தோம் என்று
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
இல்லை என்று சொன்னேன்.
சொல்லிவிட்டு வெளிக்கதவைப் போய்ப் பார்த்தேன்.

மார்கழியில் மறுபடி அதே கவுண்டர்.
எட்டு விரல் சிவப்பு.
ஒன்பதாவதாக இடது மோதிர விரல்.
பச்சை.
'ஒரு விரல் போதுமா?' என்றேன்.
'கேட்டுப் பாக்கணும் மேடம்' என்றார்.
அவள் கேட்டது அவரிடம்:
'இன்னொரு தடவ வைக்கவா?'
வரிசை முணுமுணுத்தது. அவர் சரி என்றார்.
வைத்தாள். பச்சை.
எடுத்துவிட்டு இன்னொரு தடவை.

திரும்புகையில் பஸ்ஸில் ஜன்னலோரம்.
கண்ணாடியில் துறைமுக லாரிகளின் கரி.
அந்த விரலை அழுத்தி வைத்து எடுத்தாள்.
சுழி சுழியாக, காசளவு.
நானும் குனிந்து பார்த்தேன்.
டோல்கேட் வரும் வரை வைத்திருந்து
இறங்குவதற்கு முன்
துப்பட்டா நுனியால்
அவளே துடைத்தாள்.